மாமாவின் புழு டப்பாவும் மூன்று ஏரிகளும்

ஜனவரி 20, 2025, திங்கள் – மலையேற்றம்

பொங்கல் கூட்டம் மலையிறங்கட்டும் என்று காத்திருந்து கிளம்பினோம். நாங்கள் என்றால் நானும் மாமாவும் மட்டும்தான். அம்மாவுக்கு ஒரே தம்பி, அணைக்கரைக்காரர். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து, கீழணையிலும் அதைச் சுற்றியுள்ள வாய்க்கால்களிலும் ஷட்டர் ஏற்றி இறக்கியே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணி விட்ட கை இது என்று கல்யாண வீடுகளில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். அறுபத்தெட்டு வயதுவரை எந்த மலையும் ஏறியதில்லை. "கொடைக்கானல்ல ஏரி இருக்காமே மாப்ள, மீனு கெடக்குமா?" என்றுதான் கேட்டார். கிடக்கும் என்று சொல்லிவைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

திருச்சியில் காரில் ஏறும்போது அவரிடம் ஒரு துணிப்பை, ஒரு குரங்குக் குல்லா, மடக்குத் தூண்டில், நெட்டியில் அவரே செதுக்கிய தக்கை, அப்புறம் ஒரு ஹார்லிக்ஸ் டப்பா. டப்பாவுக்குள் கொள்ளிடக்கரை ஈரமண், மண்ணுக்குள் மண்புழு. மூடியில் காற்றுக்காக ஆணியால் ஓட்டை போட்டிருந்தார். "அந்த ஊரு மீனு எதைத் திங்கும்னு யாரு கண்டா? நம்ம சரக்கு கையில இருக்கட்டும்."

வத்தலக்குண்டில் மதியச் சாப்பாடு, 120 ரூபாய். மீன் குழம்பு கேட்காமலே ஊற்றினார்கள். மாமா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "அணைக்கட்டு கட்லா. சேத்து வாடை போவல. புளி கம்மி." பரிமாறியவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூடுதலாக ரசம் ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். அது என்னிடம் இருந்தது. மாட்டியது வேறு. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. பின்சீட்டில் ஐந்து பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. நூறு ரூபாய் போயிற்று. "நல்லவேளை, புழுவுக்கு வரி போடல" என்றார் மாமா.

வெள்ளி அருவியில் இறங்கினோம். மழை ஓய்ந்து நாளானதால் தண்ணீர் மெலிந்திருந்தது. குரங்கு மட்டும் குறைவில்லை. அவித்த சோளம் 40 ரூபாய். விற்ற அம்மாவிடம் மாமா கேட்டார்: "இது எந்தத் தண்ணி?"

"கொடைக்கானல் ஏரி வழிஞ்சு வர்றதுதான்யா."

"அப்ப மேல ஊருக்குள்ள இருக்கிற லாட்ஜுத் தண்ணியெல்லாம்?"

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. எலுமிச்சையில் உப்பு மிளகாய்த்தூளைத் தோய்த்து இன்னொரு தடவை நன்றாகத் தேய்த்துக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு குடும்பம் அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஏரிக்கரை. சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். பரப்பு அறுபது ஏக்கர் என்றேன். மாமாவுக்கு ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "அறுவது ஏக்கரா? எங்க பக்கம் இதைக் குளம்னுல்ல சொல்லுவோம்." ஆனால் இது இயற்கையாக அமைந்த ஏரி இல்லை என்று சொன்னதும் நிமிர்ந்தார். மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் ஓடைகள் கூடும் சதுப்புப் பள்ளத்தில் கரை கட்டி உருவாக்கியது. தன் கைக்காசைப் போட்டுச் செய்தார் என்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து முதல் படகை மலைமேல் ஏற்றினார், மீனும் கொண்டுவந்து விட்டார். படகுக் கழகம் 1890இல் வந்தது. பொதுமக்களுக்குப் படகு விட ஆரம்பித்தது 1932இல்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமா சொன்னது: "அதெல்லாம் சரி. கலிங்கு எங்க?"

ஏரிக்கு வந்தவர்கள் குதிரை எங்கே, சைக்கிள் எங்கே, சாக்லேட் எங்கே என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலிங்கைக் கேட்டவரை இன்றுதான் பார்க்கிறேன்.

ராத்திரி ஏழு மணிக்கே எட்டு டிகிரி. வறுத்த மீன் கடை ஒன்றின் முன்னால் மாமா நின்றார். மசாலா தடவிய ஜிலேபி மீன், ஒன்று 100 ரூபாய்.

"இந்த ஏரி மீனாம்மா?"

"இல்லைங்கய்யா, வைகை டேம் மீனு. காலையில ஐஸ் பெட்டில வரும்."

"ஏரிய எதுக்க வச்சுக்கிட்டு ஏன் அங்கேருந்து?"

"அது அப்படித்தான்யா" என்றார் அந்தப் பெண், எண்ணெயைப் பார்த்துக்கொண்டே. மீன் நன்றாக இருந்தது. மாமா இரண்டு சாப்பிட்டார், முள்ளைத் தவிர எதுவும் மிச்சமில்லை.

தங்கிய இடத்தில் சூடாகப் பால் கேட்டிருந்தோம். கொண்டுவந்த பையன் மேசைமேல் டப்பாவைப் பார்த்து, "ஹார்லிக்ஸ் கலக்கித் தரவாங்க சார்?" என்று மூடியைத் திறந்துவிட்டான். அலறவில்லை. ஆனால் ஸ்பூனை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போனான்.

ஜனவரி 21, செவ்வாய் – படகு

ஆறேகால் மணிக்கு மாமா எழுப்பினார். ஏரியோரப் புல் முழுக்க வெள்ளை. "சுண்ணாம்பு தெளிச்சாப்ல இருக்கு பாரு." உறைபனி. விரலால் தொட்டுப் பார்த்து, நாக்கிலும் வைத்துப் பார்த்தார். ஏரிமேல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் ஒன்று அதற்குள் மூழ்கி, எதிர்பாராத இடத்தில் தலை நீட்டியது.

கூட்டம் எட்டிப் பார்க்காத ஏரிக் கை ஒன்றில் இரண்டு இளவட்டங்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். முள்ளில் சப்பாத்தி மாவு. மாமா பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டார். மீன் பிடிக்கிறவர்களுக்குள் அறிமுகம் தேவையில்லை போலிருக்கிறது. பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு தக்கை ஒரு முறை படுத்து எழுந்தது. பையன் சுண்டினான். உள்ளங்கை அளவுக்கு ஒரு மீன். செதில் சீராக இல்லாமல், அங்கங்கே பெரிது பெரிதாக நாலைந்து பதித்த மாதிரி.

"சொறி புடிச்ச கெண்டையால்ல இருக்கு?"

"கண்ணாடிக் கெண்டைண்ணே. இங்க இதான்."

சாதாக் கெண்டையிலேயே இது ஒரு வகை. குளிர் தாங்கும். கலக்கிய சேற்றில் மூக்கை விட்டுப் புழு பூச்சி தேடித் தின்னும். ஏரியடிச் சேறுதான் அதற்குச் சாப்பாட்டுத் தட்டு. இதை இப்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி தேவைப்படும்.

"வீட்டுல சமைப்பீங்களா?"

"சமைப்போம்ணே. அம்மாதான் திட்டும்."

எதற்குத் திட்டுவார் என்று நாங்கள் கேட்கவில்லை. மாமாவின் கை தூண்டில் பைக்குப் போயிற்று. அனுமதி கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தடுத்தேன். கேட்கப் போன இடத்தில், அனுமதி எழுதித் தருகிறவர் இன்றைக்கு வரவில்லை, நாளை வாருங்கள் என்றார்கள். எனக்கு எரிச்சல். மாமா சிரித்தார். "நானும் அந்தப் பதிலைச் சொல்லித்தாண்டா சம்பளம் வாங்குனேன்."

அப்புறம் படகு. துடுப்புப் படகுக்கு நீண்ட வரிசை, அதனால் மிதிபடகு எடுத்தோம். அரைமணி நேரத்துக்கு. மாமாவுக்கு உயிர்காப்புச் சட்டையைக் கட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது பரிசலில் அக்கரை போனவர். "சைக்கிளத் தண்ணில ஓட்டுறதுக்கு இவ்வளவு ஜோடனையா?"

பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. ஒரு வளைவில் கரையை ஒட்டிப் போனோம், மிதி இறுகி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் அடியில் பச்சைக் காடு. வேலம்பாசி மாதிரி நீளநீளமாக, சக்கரத்தில் சடை போட்டுச் சுற்றியிருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. எங்களைக் கடந்துபோன அன்னப்பட்சிப் படகிலிருந்த சின்னக் குழந்தை டாட்டா காட்டியது. மாமா பெருந்தன்மையாகத் திருப்பிக் காட்டினார். கால்மணி நேரம் கழித்து, துடுப்புப் படகில் வந்த ஓர் அண்ணன் குனிந்து, கையாலேயே பாசியைக் கொத்துக்கொத்தாகப் பிய்த்து எறிந்து, எங்களைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்.

"வருஷா வருஷம் எடுக்குறாங்கய்யா. எடுக்க எடுக்க வருது."

"வரும்ல. எரு போட்டா பயிரு வராமலா இருக்கும்?"

படகுக்காரர் திரும்பி மாமாவை ஒருமுறை பார்த்தார். அதன்பிறகு துறை வரைக்கும் அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள். எனக்கு இடமில்லை. மாமாவின் கணக்கு எளிது: ஏரிக்குள் வரும் ஓடைகள் ஊருக்குள் புகுந்து வருகின்றன. ஊரில் சமையலறையும் கழிப்பறையும் உள்ளன. அவற்றின் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏரிக்கு வந்தால் பாசி கொழுக்கும். கொழுத்த பாசி செத்து அடியில் படியும்போது அழுகுவதற்கே தண்ணீரின் பிராணவாயு செலவாகும். மீனுக்கு மூச்சு முட்டும். படிந்தது சேறாகும், ஏரி மேடாகும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை அவர். வாய்க்காலில் பார்த்தது. "வாய்க்கால்ல இப்படி மண்டுனா நாங்க தண்ணிய நிறுத்தி வெட்டி எடுப்போம். ஏரியை எங்க நிறுத்துறது?"

கரையில் தாமதத்துக்கு இன்னொரு அரைமணிக் காசு கேட்டார்கள். பாசி பிடித்து நின்றதற்கு நாங்களா காசு தர வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். இழுத்து வந்த அண்ணனே பரிந்து பேசி விடுவித்தார். அவருக்குக் கொடுத்த ஐம்பது ரூபாயை வாங்க மறுத்து, டீக்கு மட்டும் வந்தார். போகிறபோக்கில், "மீனு ஆசைப்பட்டு இங்க வாங்கிச் சாப்பிட்டுறாதீங்கய்யா. பாதரசப் பாக்டரி கதை தெரியும்ல?" என்றார்.

மாமாவுக்குத் தெரியாது. எனக்கு அரைகுறை. ராத்திரி கம்பளிக்குள் உட்கார்ந்து போனில் தேடிப் படித்து, அவருக்குச் சொன்னேன்.

அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் இங்கே இடம்பெயர்ந்தது. பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு, ஏழு டன்னுக்கு மேல், கண்டுபிடிக்கப்பட்டது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். தொழிற்சாலை வளாகத்துக்கு வெளியே பாதிப்பு இல்லை என்பதே நிறுவனத்தின் வாதம்.

ஏரிக்கு இதில் என்ன? ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2006இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று அதைச் சொல்கிறது. கொடைக்கானல் ஏரி, பேரிஜம், கூக்கால் மூன்றின் தண்ணீரையும் சேற்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கொடை ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம். மற்ற இரண்டு ஏரிகளிலும் அதைவிட நன்றாகக் குறைவு. கொடை ஏரி மீனிலும் பாதரசம் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறியதே காரணம் என்பது அவர்கள் முடிவு.

"கழுவிட்டுத் தின்னா?" என்றார் மாமா.

கழுவினால் போகாது. பாதரசம் சேற்றில் இறங்கியதும் காற்றுப் படாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். அதுதான் ஆபத்தானது. புழு தின்னும், புழுவைக் கெண்டை தின்னும், தின்றது எளிதில் வெளியேறாமல் சதையிலேயே தங்கும். ஒவ்வொரு வாய்க்கும் கூடிக்கொண்டே போகும்.

"புளி ஊத்திக் கொதிக்க வச்சாலுமா?"

"கொதிக்க வச்சாலும்தான் மாமா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "கட்டுரை வந்து இருபது வருஷம் ஆவப்போவுது, சரி. சேறு எங்கயும் போயிருக்காதுல்ல?" என்றார். பிறகு, "அந்தப் பய அம்மா திட்டுறது நெசந்தான்" என்று விளக்கை அணைத்தார்.

அந்த மூன்று ஏரிகளின் பெயர்களும் எனக்குள் நின்றுவிட்டன. திட்டத்தில் தூண்பாறையும் தோட்டமும்தான் இருந்தன. அவற்றை அடித்தேன்.

ஜனவரி 22, புதன் – யானை, பூண்டு, கூக்கால்

பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு. விடியலில் போய் நின்றோம். மூன்றாவது வண்டி எங்களுடையது. எட்டு மணிக்கு வந்த காவலர், ஏரிக்கரையில் யானை நிற்கிறது, இன்றைக்கு யாருக்கும் அனுமதி இல்லை என்றார்.

"யானை எப்ப தம்பி போவும்?"

"அதுக்கிட்டதான் கேக்கணும் பெரியவரே."

பின்னால் நின்ற பெரியகுளத்துக்காரர் மட்டும் சிரித்தார். "எங்க ஊரு குடிதண்ணி அந்த ஏரியிலேர்ந்துதான். முதல்ல அது குடிச்சு முடிக்கட்டும்."

வண்டியைப் பூம்பாறைப் பக்கம் திருப்பினோம். வளைவில் நின்று பார்த்தால் படிப்படியாக வயல், நடுவில் ஓட்டு வீடும் கலர் வீடுமாக ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரைக்கிலோ 220 ரூபாய் சொன்னார்கள், பேரம் பேசாமல் வாங்கினேன். காரில் இன்னும் மூன்று மாதத்துக்கு அந்த வாசம் இருக்கும். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டோம். கோயில் வாசலில் இட்லி, காரச்சட்னி, நாலு இட்லி 40 ரூபாய். பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான்.

கூக்கால் ஏரி சின்னது. ஒருபக்கம் சோலைக்காடு கறுப்பாக இறங்கி வந்து நிற்கிறது. மறுபக்கம் படிவயல்கள், உருளையும் கேரட்டும் பூண்டும். படகு கிடையாது, குதிரை கிடையாது, சாக்லேட் கடையும் கிடையாது. தண்ணீருக்குள் இரண்டு மூன்று மோட்டார் குழாய்கள் கிடந்தன. வயலில் கொத்திக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்று முறைப்படி விசாரித்துவிட்டு வரக்காப்பி வாங்கிக் கொடுத்தார். மாமா கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டார்: இங்கே தூண்டில் போடலாமா, யாரும் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிறார்களா?

"ஒரு ஆளு தூண்டில் போட்டா ஏரி வத்திருமா? போடுங்க."

மாமா டப்பாவைத் திறந்தார். குளிரில் புழுக்கள் எல்லாம் சுருண்டு ஒரே உருண்டையாகக் கிடந்தன. ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடேற்றினார். முள்ளில் கோத்தார், ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கினார், வீசினார். நெட்டித் தக்கை தண்ணீரில் நிமிர்ந்தது.

அவரை இப்படி நான் பார்த்தது சின்ன வயதில், மதகடியில். அப்போதும் இதே மாதிரிதான், உடம்பு முழுக்க ஓய்ந்து கண் மட்டும் விழித்திருக்கும். சோலைக்குள் ஏதோ ஒரு குருவி விடாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அரைமணி ஆயிற்று. முதல் புழுவை ஏதோ நாசூக்காகக் கழற்றித் தின்றுவிட்டுப் போனது. இரண்டாவதுக்குத் தக்கை துடித்தது. வந்தது விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன், வாலருகே ஒரு கரும்புள்ளி.

"என்ன மீன் மாமா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெண்டை சாதிதான். ஆனா எங்க ஊரு ஆளு இல்ல." முள்ளை மெதுவாகக் கழற்றித் தண்ணீருக்குள் கையை முக்கி விட்டார். தூண்டிலை மடக்கிவிட்டார். இன்னொரு தடவை போடவில்லை.

மூன்றில், தண்ணீரில் பாதரசம் குறைவு என்று கட்டுரையில் படித்த ஏரிகளில் ஒன்று இது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா கரையில் கிடந்ததைக் காலால் புரட்டினார். வெள்ளிநிறப் பூச்சிமருந்துப் பொட்டலங்கள், காலி. ஏழெட்டு. "மேல அடிக்கிறது கீழதான வரணும்." வயல்காரர் மறுக்கவில்லை. "அடிக்காட்டி உருளை வராதுங்களே" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். எங்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்த காசும் அந்த உருளையில் வந்ததுதானே.

போட்டோ எடுக்க ஒரு எட்டு கூடுதலாக வைத்தேன். புல் மாதிரி தெரிந்தது புல் இல்லை. முழங்கால் வரை இறங்கி, காலை உருவியபோது ஒரு ஷூவை ஏரி வைத்துக்கொண்டது. வயல்காரர் சிரித்து முடித்துவிட்டுத் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். பணம் வாங்க மாட்டேன் என்றார். "பூம்பாறை டீக்கடையில கூக்கால்காரர் செருப்புன்னு சொல்லிக் குடுத்துருங்க, வந்துரும்." கொடுத்துவிட்டு, அங்கிருந்து வெறுங்காலோடு கார் ஓட்டிக்கொண்டு வந்தேன். கடைத்தெருவில் புதுச் செருப்பு 350 ரூபாய், இரண்டும் இடதுகால் மாதிரி இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன் – பேரிஜம், இறக்கம்

யானை நகர்ந்துவிட்டது. அனுமதி கிடைத்தது. சாவடியில் வண்டியைச் சோதித்தவர் தூண்டிலை எடுத்து ஓரமாக வைத்தார், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று. பிறகு டப்பாவைத் திறந்தார்.

"என்னங்கய்யா இது?"

"மண்புழு தம்பி. எங்க ஊருது."

"இதைக் காட்டுக்குள்ள எங்கயும் கொட்டிராதீங்க. மண்ணையும் சேத்துதான் சொல்றேன்."

"புழுதான தம்பி, மண்ணுக்கு நல்லதுதான?"

காவலர் சாலையோரம் கையைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய வரை வாட்டில் மரம். "இதுவும் நல்லதுன்னுதான் கொண்டாந்து நட்டாங்க. இதெல்லாம் புல்வெளியா இருந்த இடம்." வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் பழனிமலையின் புல்வெளிகளை எப்படித் தின்றன என்பது பெரிய கதை. மழையைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து ஓடைக்குச் சொட்டுச்சொட்டாக விட்டது அந்தப் புல்லும் சோலையும்தான். மாமா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் கீழே வைக்கவே இல்லை.

தொப்பிதூக்கிப் பாறை, மதிகெட்டான் சோலை. மதிகெட்டான் சோலைக்குள் போனால் புத்தி தடுமாறி வழி தெரியாது என்பார்கள். கூகுள் வரைபடமே அங்கே தடுமாறியது. இன்ஜினை அணைத்தால் காதுக்குள் நம் ரத்தம் ஓடுவது கேட்கிறது. ஒரு வளைவில் நாலு காட்டுமாடு, கால்களில் வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல. ரோட்டை அவை கடந்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. தமிழ்நாட்டில் இது எனக்குப் புது அனுபவம்.

பேரிஜம் வளைந்து வளைந்து காட்டுக்குள் ஒளிந்து கிடக்கிறது. இதுவும் சதுப்பில் கரை கட்டித் தேக்கியதுதான். படகு கிடையாது, குளிக்கக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, சோப்பு பிளாஸ்டிக் எதுவும் ஆகாது. கரையில் நேற்றைய யானைச் சாணம், இன்னும் ஈரமாக. தண்ணீர் அசையவில்லை. அக்கரை மரங்கள் தலைகீழாக இலைவரைக்கும் தெரிந்தன. வந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் வீடியோ எடுத்துக்கொண்டே வர்ணனை செய்தார். அவரது மனைவி அவரை வண்டிக்குள் அழைத்துப் போனார்.

மாமா தண்ணீரைத் தொடவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூட வந்த வாட்ச்சரிடம் போய் நின்றார்.

"மதகு எந்தப் பக்கம் தம்பி?"

அவர் கரை இருக்கும் திசையைக் காட்டினார்.

"தண்ணி நேரா பெரியகுளமா?"

"கீழ இறங்கி அங்கதான்யா போகுது. குடிக்கத்தான்."

"யாரு தொறந்து விடுறா? லஸ்கர் உண்டா?"

வாட்ச்சருக்கு அந்தச் சொல் புரியவில்லை. மாமா விளக்கினார். ஷட்டர், சக்கரம், அடிக்கணக்கு, ராத்திரி மூன்று மணிக்கு லாந்தரோடு போய் அளவுகோல் பார்ப்பது, மேலிடத்திலிருந்து தந்தி வருவது. வாட்ச்சர் தன் பங்குக்கு, கோடையில் காட்டுத்தீ பரவாமல் தீக்கோடு வெட்டுவது, ஏரி வற்றி மேட்டு நிலம் தெரிவது, யானை எந்தத் துறையில் இறங்கும் என்பது எல்லாம் சொன்னார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று ஏரிகளிலும் மாமா மீன் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்காதது இதில் மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சாவடியில் தூண்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டோம். கொடைக்கானலில் பேரிக்காய் கிடைக்கவில்லை, பருவம் இல்லை. பட்டர் ஃப்ரூட் கிலோ 200. வெள்ளி அருவியில் நிறுத்தவா என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார். வத்தலக்குண்டில் அதே கடை, அதே பரிமாறுபவர், அதே மீன் குழம்பு வாளி.

"எந்தத் தண்ணி மீனுப்பா?"

"டேமுய்யா."

"எந்த டேமு?"

அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வதற்குள் எனக்கு மோர் வரைக்கும் வந்துவிட்டது. பதிலைக் கேட்டுக்கொண்டு மாமா ஊற்றச் சொன்னார். இந்தத் தடவை புளி சரியாக இருந்ததாம்.

ராத்திரி பதினோரு மணிக்குத் திருச்சி வீடு. பெட்டியைக்கூட இறக்கவிடாமல், போன் வெளிச்சம் காட்டச் சொல்லிக் கொல்லைக்கு அழைத்துப் போனார். வாழைக்கு அடியில் குழி பறித்து டப்பாவைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எண்ணி மண்ணுக்குள் விட்டார்.

"இருபது போட்டு எடுத்துட்டு வந்தேன். பதினேழு இருக்கு. ரெண்டு கூக்கால்ல போச்சு. இன்னொண்ணு எங்க மாப்ள?"

காலையில் காருக்குள் தேடிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஹார்லிக்ஸ் பையனுக்குப் போன் செய்ய வேண்டும்.